நிலைநீச்சலில் பன்னிரண்டு வருஷங்கள்

சர்வதேச வாட்டர் போலோ ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் குளக்கரையில் ஒரு சிறு சடங்கு நடைபெறுவதுண்டு. வீராங்கனைகள் வரிசையாக நின்று இரண்டு கைகளையும் முன்னே நீட்டுவார்கள். நடுவர் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே போவார். எவளுடைய நகமாவது விரல் நுனியைத் தாண்டிச் சற்று நீண்டிருந்தால், அதை ஒட்ட வெட்டிக்கொண்ட பிறகே அவள் தண்ணீரில் இறங்கலாம். இந்த விளையாட்டில் நீருக்கு மேலே தெரிவதைக் காட்டிலும் நீருக்குக் கீழே நடப்பது அதிகம் என்பதையும், இழுப்பும் பிடியும் உதையும் நகக்கீறலும் இதில் அன்றாடச் சங்கதிகள் என்பதையும் அந்த ஒரு காட்சியே சொல்லிவிடும். ஆயினும் தொலைக்காட்சியில் பார்க்கிற நமக்குத் தெரிவதெல்லாம் காதுக்கவசம் வைத்த குல்லாய்களும், உயர்ந்த ஒரு கையும், அக்கையிலிருந்து பறக்கும் மஞ்சள் பந்துமே.

பெண்களுக்கான ஆட்டக்களம் 25 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உடையது. கோல் காவலர் உட்படக் கட்சிக்கு ஏழு பேர். கால் தரையைத் தொடக்கூடாது. கோல் காவலரைத் தவிர மற்றவர்கள் பந்தை இரண்டு கைகளாலும் பிடிக்கக்கூடாது. பந்தின் எடை 400 முதல் 450 கிராம் வரை. கிணற்றிலோ குளத்திலோ நிலைநீச்சலடித்துப் பழகியவர்களுக்கு, ஓர் இடத்திலேயே உடம்பை மிதக்க வைத்திருப்பது ஐந்து நிமிஷத்திற்குள் தொடையை எப்படிக் கடுக்கச் செய்யும் என்பது தெரிந்திருக்கும். இவர்களோ இரண்டு கால்களையும் மாறி மாறி எதிரெதிர்த் திசையில் சுழற்றி, அந்தச் சுழற்சியின் பலத்தினாலேயே மார்பளவு நீருக்கு மேலே எழும்பி, தோளைப் பற்றித் தொங்குகிற எதிராளியின் பாரத்தையும் தாங்கிக்கொண்டு, ஒரு கையால் பந்தை வாங்கி அதே கையால் எறிகிறார்கள். பந்து கைமாறியதும் களத்தின் மறுகோடிக்கு வேகநீச்சலில் பாய்கிறார்கள். ஒரு கால்பகுதிக்கு எட்டு நிமிஷம். பந்து ஆட்டத்தில் இல்லாத நேரங்களில் கடிகாரம் நிற்பதால் அது உண்மையில் இன்னும் நீளும். அப்படி நான்கு பகுதிகள்.

இத்தகைய விளையாட்டில் ஒரு பெண்ணின் சர்வதேச வாழ்க்கை எதனால் உருவாகிறது, எதனால் அளக்கப்பட வேண்டும் என்பதே இங்கே ஆராய எடுத்துக்கொண்ட விஷயம். பதக்கத்தை எண்ணுவது ஒரு வழி. கோலை எண்ணுவது இன்னொரு வழி. இரண்டுக்கும் அவற்றிற்குரிய மதிப்பு உண்டு. ஆனால் இந்த வாழ்க்கைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து வந்ததில் என் மனத்தில் உறுதிப்பட்ட அபிப்பிராயம் வேறு: திறமை என்பது எத்தனை அபாரமானதாக இருந்தாலும், அது இறங்கி நீந்துவதற்குரிய தண்ணீரை வேறு யாராவது முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருக்க வேண்டும், அந்தத் தண்ணீர் எங்கே, எப்போது, யாருடைய பிரயத்தனத்தால் கிடைத்தது என்று கேட்காமல் எந்த வீராங்கனையின் சரித்திரத்தையும் எழுதிவிட முடியாது.

ஆடவர் வாட்டர் போலோ 1900-ஆம் வருஷத்துப் பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே இடம்பெற்றுவிட்டது. பெண்களுக்கு அதே வாசல் திறந்தது 2000-ஆம் வருஷத்தில், சிட்னியில். இடையில் சரியாக நூறு வருஷம். அந்த நூறு வருஷமும் பெண்கள் இதை ஆடாமல் இருந்தார்கள் என்று எண்ணிவிடக்கூடாது. 1986-இல் மாட்ரிட் நகரத்தில் நடந்த உலக நீர்விளையாட்டுச் சாம்பியன்ஷிப்பில் பெண்கள் பிரிவு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டு, ஆஸ்திரேலியா பட்டம் வென்றது. அந்த அணியில் ஆடிய டெபி வாட்சன், ஒலிம்பிக் மேடை ஒன்று வரும் என்ற நிச்சயமே இல்லாத காலத்தில் தம்முடைய இருபதுகளைத் தண்ணீரில் கழித்தவர். அமெரிக்காவிலோ மௌரீன் ஓட்டூல் என்பவர் உலகின் தலைசிறந்த வீராங்கனை என்று ஆறு முறை தேர்ந்தெடுக்கப்பட்டும், ஒலிம்பிக் குளத்தைக் கண்ணால் காணாமலே தொண்ணூறுகளின் நடுவில் ஓய்வு பெற்றுவிட்டார்.

ஆஸ்திரேலியப் பெண்கள் இந்த அநீதியைச் சும்மா விட்டுவிடவில்லை. தங்கள் நாட்டிலேயே ஒலிம்பிக் நடக்கப்போகிறது, அதில் தங்களுக்கு மட்டும் இடமில்லை என்ற நிலை வந்தபோது அவர்கள் பகிரங்கமாகக் கிளர்ச்சி செய்தார்கள். ஒலிம்பிக் அதிகாரிகள் சிட்னி விமான நிலையத்தில் வந்திறங்கும்போது நீச்சலுடையோடு போய் எதிரே நிற்போம் என்று எச்சரிக்கையும் விடுத்தார்கள். 1997-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இணங்கியது. அந்தச் செய்திக்குப் பிறகு ஓட்டூல் ஓய்வை விட்டு வெளியே வந்து, ஒரு பெண் குழந்தையின் தாயாக, 39-ஆம் வயதில் அமெரிக்க அணியில் இடம்பிடித்தார். வாட்சன் 34 வயதில் சிட்னியில் ஆடினார். முப்பத்தொன்பது வயதில் ஒருத்தி தன் முதல் ஒலிம்பிக்கை ஆடினாள் என்பதைப் புகழ்ச்சியாகச் சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. அவள் 23 வயதிலும் 27 வயதிலும் 31 வயதிலும் எதை ஆடியிருக்க வேண்டும் என்று நினைக்கும்போது எனக்கு அது தாங்க முடியாத நஷ்டமாகவே படுகிறது.

அதே அமெரிக்க அணியில் ஓட்டூலுக்குப் பக்கத்தில் 20 வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் பிரெண்டா வியா. வாசல் திறந்த வருஷத்திலேயே வயதும் வந்து வாய்த்த தலைமுறையின் பிரதிநிதி என்று அவரைக் கொள்ளலாம். ஆகவே அவருடைய வாழ்க்கையை இங்கே சற்று விரிவாகப் பார்ப்பது பொருந்தும்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் மையத்திலிருந்து தென்கிழக்கே சில மைல் தூரத்தில் காமர்ஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. தொழிற்சாலைகளும் கிடங்குகளும் ரயில் யார்டுகளும் நெடுஞ்சாலையும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் இடம். குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் மெக்ஸிகோவிலிருந்து வந்த உழைப்பாளிக் குடும்பங்கள். கலிபோர்னியாவில் வாட்டர் போலோ என்றால் கடற்கரையோரத்து வசதியான குடும்பங்களின் ஆட்டம் என்பதே பொதுவான எண்ணம். ஆனால் காமர்ஸ் நகராட்சி தன் ஊர்ப் பிள்ளைகளுக்கென்று நீச்சல் குளம் கட்டி, அதில் நீச்சலையும் வாட்டர் போலோவையும் கற்பித்து வந்தது. ஊருக்கு வரி கொடுத்த தொழிற்சாலைகளின் பணம் இப்படிக் குளமாக மாறிப் பிள்ளைகளின் காலடியில் வந்து நின்றது. 1980-இல் பிறந்த பிரெண்டா ஆறு வயதில் அந்தக் குளத்தில் நீச்சல் கற்றாள். எட்டு வயதில், அண்ணன் போன வழியில், பந்தைத் தொட்டாள். பிற்பாடு அவரோடு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆடிய பாட்ரிசியா கார்டெனாஸும் அதே சிற்றூரிலிருந்து வந்தவர் என்பதைக் கவனித்தால், இது தனியொரு பிள்ளையின் அதிர்ஷ்டமன்று, ஒரு நகராட்சியின் காரியம் என்பது புலப்படும்.

அவள் படித்த பெல் கார்டன்ஸ் உயர்நிலைப் பள்ளியில் பெண்களுக்கு அணி கிடையாது. ஆகவே பையன்களின் அணியில் சேர்ந்து, பையன்களை எதிர்த்தே ஆடினாள். வளர்ந்த பிறகும் அவருடைய உயரம் ஐந்தடி நான்கு அங்குலம்தான். ஆறடியை எட்டும் பெண்கள் சர்வசாதாரணமாக உலவும் விளையாட்டில் அது மிகக் குறைவு. தன்னைவிடக் கனமான தோள்களுக்கு நடுவே, பலத்தை நம்ப வழியில்லாமல், பந்து எங்கே வரப்போகிறது என்பதை ஒரு கணம் முன்பாகவே கண்டுகொள்ளும் யுக்தியை நம்பி ஆடவேண்டிய நிர்ப்பந்தம் அந்தப் பள்ளி நாட்களிலேயே அவளுக்கு நேர்ந்தது. பின்னாளில் உலகம் வியந்த அவருடைய ஆட்டக்கூர்மையின் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

சிட்னியில் ஆடியவை ஆறே நாடுகள். 2000-ஆம் வருஷம் செப்டம்பர் 23-ஆம் தேதி, சுமார் 17,000 பேர் கூடியிருந்த இறுதி ஆட்டத்தில் ஆஸ்திரேலியா மூன்றுக்கு இரண்டு என்று முன்னே நின்றது. ஆட்டம் முடியப் பதின்மூன்று விநாடிகள் இருக்கையில் அந்தக் குள்ளமான பெண் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தாள். சொந்த மண்ணின் கூட்டம் ஒரு கணம் மூச்சை அடக்கியது. ஆஸ்திரேலியர் பந்தை எடுத்துக்கொண்டு முன்னேறினார்கள். ஃப்ரீ த்ரோ ஒன்று கிடைத்தது. யெவெட் ஹிக்கின்ஸ் தூரத்திலிருந்து எறிந்த பந்து வலைக்குள் விழுந்தபோது கடிகாரத்தில் மீதமிருந்தது 1.3 விநாடி. நான்குக்கு மூன்று. நூறு வருஷம் காத்திருந்த முதல் தங்கம், போராடி அதைக் கேட்டு வாங்கிய நாட்டுக்கே போயிற்று. ஓட்டூலுக்கு வெள்ளி, அதோடு அவருடைய ஆட்டம் முடிந்தது. வியாவுக்கும் வெள்ளி, அவருக்கு அது தொடக்கம்.

அமெரிக்காவில் பள்ளி முடிந்த வீராங்கனையை அடுத்த கட்டத்துக்கு ஏந்திக்கொள்வது பல்கலைக்கழகம். கல்வி நிலையங்களில் ஆண் பெண் என்ற பேதம் பாராட்டலாகாது என்று 1972-இல் அந்நாட்டுக் காங்கிரஸ் இயற்றிய சட்டம், சர்க்கார் பணம் பெறும் கல்லூரிகளைப் பெண்களுக்கும் விளையாட்டு அணிகள் அமைக்கச் செய்தது. அப்படியிருந்தும் பெண்களின் கல்லூரி வாட்டர் போலோவுக்குத் தேசிய சாம்பியன்ஷிப் நடத்தத் தொடங்கியது 2001-இல்தான். அடுத்த வருஷமே வியா ஆடிய ஸ்டான்போர்ட் அணி அதை வென்றது. அந்த வருஷத்துச் சிறந்த கல்லூரி வீராங்கனைக்குரிய கட்டீனோ விருதும் அவருக்குக் கிடைத்தது.

கல்லூரி முடிந்த பிறகு? இந்தக் கேள்வியில்தான் பெரும்பாலான வாழ்க்கைகள் முடிந்துபோகின்றன. அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் லீக் இல்லை. கைதேர்ந்தவர்கள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறாத குறையாகப் போகிறார்கள்; இத்தாலி, ஸ்பெயின், கிரீஸ், ஹங்கேரி ஆகிய நாடுகளின் கிளப்புகள் அவர்களை ஏற்றுக்கொள்கின்றன. வியா போய்ச் சேர்ந்த இடம் சிசிலித் தீவிலுள்ள கட்டானியா நகரத்தின் ஒரிஸோன்டே கிளப். எரிமலையின் அடிவாரத்து அந்த ஊர், பெண்கள் வாட்டர் போலோவுக்கு ஒரு தலைநகரம்போல் விளங்கிற்று. 1994-க்கும் 2008-க்கும் இடையில் அந்தக் கிளப் எட்டு முறை ஐரோப்பியக் கோப்பையை வென்றிருக்கிறது. இத்தாலியின் மகத்தான வீராங்கனை டானியா டி மாரியோ அங்கே ஆடியவர். ஒலிம்பிக்கில் பரம விரோதிகளாக நிற்பவர்கள் லீக் பருவத்தில் ஒரே குல்லாய் அணிந்து ஒரே உடைமாற்றும் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். கலிபோர்னியாவின் வேகமும் சிசிலியின் சாமர்த்தியமும் ஒன்றிலிருந்து ஒன்று கற்றுக்கொண்டது அந்த அறைகளில்தான்.

ஜீவனத்தின் பிரச்சினை இன்றைக்கும் தீர்ந்தபாடில்லை. பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சில மாதங்களுக்கு முன்னால், 2024-இல், மூன்று தங்கப் பதக்கங்கள் பெற்ற அமெரிக்கத் தலைவி மேகி ஸ்டெஃபன்ஸ், தம் அணியிலுள்ளவர்கள் பிழைப்புக்காக இரண்டாவது மூன்றாவது வேலைகள் பார்க்க வேண்டியிருப்பதைப் பொதுவெளியில் எழுதி ஆதரவு கேட்டார். ஃப்ளேவர் ஃப்ளேவ் என்ற ராப் பாடகர் அதைப் பார்த்து முன்வந்து ஐந்து வருஷத்துக்கு ஆதரவாளராகச் சேர்ந்தார். குளக்கரையிலும் வந்து உட்கார்ந்து ஊக்கினார். அந்த மனிதரின் பெருந்தன்மையை நான் மனமார மதிக்கிறேன். ஆயினும் உலகத்தின் மிகச் சிறந்த அணி தன் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் ஒரு நல்ல மனம் கண்ணில் படுவதை எதிர்நோக்கியிருந்தது என்பதை நினைத்தால் வருத்தமே மிஞ்சுகிறது.

ஏதன்ஸிலும் பெய்ஜிங்கிலும் வியாவின் அணிக்கு நேர்ந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2004-இல் அரையிறுதியில் இத்தாலியிடம் ஒரே கோலில் தோற்று வெண்கலம். தங்கம், கூடுதல் நேரத்தில் கிரீஸைப் பத்துக்கு ஒன்பது என்று வென்ற இத்தாலிக்கு. 2008-இல் வியா அணித்தலைவி. இறுதியில் நெதர்லாந்து ஒன்பதுக்கு எட்டு என்று வென்றது. அந்த ஒன்பதில் ஏழு கோல்களைப் போட்டவர் டானியல் டி பிரையன் என்ற ஒரே பெண். கடைசிக் கோலையும், நேரம் முடிய 26 விநாடிகள் இருக்கையில், அவரே போட்டார். அத்துடன் அவர் சர்வதேச ஆட்டத்திலிருந்து விலகிக்கொண்டார். உச்சியில் நின்றபடியே இறங்கிப் போய்விடுகிற அந்த முடிவு ஒருவகை அழகு. மறுபடியும் நான்கு வருஷம் விடியற்காலைக் குளிரில் குளத்தில் இறங்குவதென்று வியா எடுத்த முடிவு வேறொரு வகை. எது மேல் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை. உலகச் சாம்பியன் பட்டங்கள் 2003, 2007, 2009 ஆகிய வருஷங்களில் அவருடைய அணிக்கு வந்துகொண்டுதான் இருந்தன. புதிய நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குரிய தலைசிறந்த வீராங்கனை என்று சர்வதேச நீச்சல் சம்மேளனத்தின் பத்திரிகை அவரைத் தேர்ந்தெடுத்தும் இருந்தது. ஒலிம்பிக் தங்கம் ஒன்றுதான் கைக்கு எட்டவில்லை.

லண்டனில் 2012-இல் நடந்த அரையிறுதியை நான் எத்தனை முறை நினைத்தாலும் நெஞ்சு படபடக்கிறது. எதிரே ஆஸ்திரேலியா. அமெரிக்கா ஒன்பதுக்கு எட்டு என்று முன்னே நிற்க, ஒரே ஒரு விநாடி மீதம். அந்த நேரத்தில் அமெரிக்கப் பயிற்சியாளர் ஆடம் க்ரிகோரியன் டைம் அவுட் கேட்டுவிட்டார். பந்து தன் கட்சியின் வசம் இல்லாதபோது டைம் அவுட் கேட்பது விதிமீறல், தண்டனை, பெனால்டி. ஆஸ்திரேலியா கோல் போட்டது, ஆட்டம் சமன். பன்னிரண்டு வருஷத் தவம் ஒரு கைச்சைகையில் கரைந்துபோகிற தருணம் அது. ஆட்டக்காரிகள் கரையோரம் வந்து கூடினார்கள். ஒருவரும் பயிற்சியாளரைக் கடிந்து நேரத்தை வீணாக்கவில்லை. திரும்பிப் போய்க் கூடுதல் நேரத்தில் இரண்டு கோல் போட்டுப் பதினொன்றுக்கு ஒன்பது என்று முடித்தார்கள். சிட்னி, ஏதன்ஸ், பெய்ஜிங் மூன்றிலும் விளிம்பில் நின்று தோற்ற அனுபவமுள்ள இரண்டு பேர், வியாவும் ஹெதர் பெட்ரியும், அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அந்த நிதானத்துக்கு அவர்களுடைய பழைய தோல்விகளே மூலதனம் என்று சொன்னால் அது மிகையாகாது.

இறுதியில் ஸ்பெயினை எட்டுக்கு ஐந்து என்று வென்றார்கள். எட்டில் ஐந்து கோல்களைப் போட்டவர் 19 வயது மேகி ஸ்டெஃபன்ஸ். அவருடைய தந்தை போர்ட்டோ ரிக்கோவின் தேசிய அணிக்காக வாட்டர் போலோ ஆடியவர். அக்கா ஜெஸிகா அதே அமெரிக்க அணியில் ஆடிக்கொண்டிருந்தார். தண்ணீர் அந்தப் பெண்ணுக்கு வீட்டுச் சொத்தாகவே வந்தது. முப்பத்திரண்டு வயது வியாவுக்கும் பத்தொன்பது வயது மேகிக்கும் ஒரே நாளில் கிடைத்த முதல் தங்கம் அது.

கோல்களின் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான்கு ஒலிம்பிக்குகளில் 47 கோல்கள் போட்டு முதலிடத்தில் இருந்தவர் டி மாரியோ. டோக்கியோவில் ஸ்டெஃபன்ஸ் அதைத் தாண்டி, மூன்று ஒலிம்பிக்குகளில் 56 என்று கொண்டுபோனார். எண்கள் மெய்யே. ஆனால் சிட்னிக் காலத்தில் கால்பகுதி ஏழு நிமிஷம். பந்தை வைத்திருக்க 35 விநாடி அவகாசம். பிறகு கால்பகுதி எட்டு நிமிஷமாகவும் அவகாசம் 30 விநாடியாகவும் மாறின. ஆகவே எறிதல்களும் கோல்களும் பெருகின. சிட்னி இறுதி 4-3. டோக்கியோ இறுதி 14-5. இரண்டு தலைமுறைகளை ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது. மேலும் கோல் போடுவதே தொழிலாக இல்லாதவர்களின் வாழ்க்கையை எந்த எண்ணால் அளப்பது? அமெரிக்க ஒலிம்பிக் மகளிர் வாட்டர் போலோ அணியில் இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண்ணான ஆஷ்லி ஜான்சன், ரியோவிலும் டோக்கியோவிலும் சிவப்புக் குல்லாயோடு கோல் காத்தவர். எதிரணியின் மையத்தில் நிற்கும் பருத்த ஆட்டக்காரியை ஆட்டம் முழுதும் மல்லுக்கட்டித் தடுத்து நிற்கும் பின்காவல்காரியின் பெயரோ மறுநாள் பத்திரிகையில் பெரும்பாலும் வருவதே இல்லை.

பன்னிரண்டு வருஷம் என்பது இந்த விளையாட்டில் ஒருவித மண்டலம் போலும். லண்டனில் வெள்ளியோடு திரும்பிய ஸ்பெயின் அணியிலிருந்த கோல் காவலர் லாரா எஸ்டரும் மையக்காரி மைக்கா கார்ஸியாவும் 2024-இல் பாரிஸில் ஆஸ்திரேலியாவைப் பதினொன்றுக்கு ஒன்பது என்று வென்று தங்கம் பெற்றார்கள். அதே பாரிஸில் ஸ்டெஃபன்ஸின் அணி அரையிறுதியில் பெனால்டி எறிதல்களில் தோற்று, வெண்கலத்துக்கான ஆட்டத்திலும் கடைசி நொடிக் கோலால் நெதர்லாந்திடம் தோற்றது. ஸ்டெஃபன்ஸின் நாத்தனார், அவருடைய ஆட்டத்தைப் பார்க்கப் பாரிஸ் வந்த இடத்தில், ஒலிம்பிக் தொடங்கும் முன்பே காலமாகிவிட்டார். அந்தத் துக்கத்தோடுதான் அவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் தண்ணீரில் இறங்கினார். பதக்கப் பட்டியலில் நான்காம் இடத்துக்குப் பெயர் கிடையாது.

ஓய்வுக்குப் பிறகு வியா கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் பெண்கள் பள்ளி ஒன்றில் பயிற்சி கொடுத்தார். வசதி குறைந்த பேட்டைகளின் பிள்ளைகளுக்கு இந்த விளையாட்டைக் கொண்டுசேர்க்க ‘புராஜெக்ட் 2020’ என்று ஓர் அமைப்பைத் தொடங்குவதிலும் பங்கு கொண்டார். ஆறு நாடுகளோடு சிட்னியில் தொடங்கிய பெண்கள் போட்டி ஏதன்ஸில் எட்டாகவும் டோக்கியோவில் பத்தாகவும் வளர்ந்து, 2028-இல் ஆடவருக்குச் சமமாகப் பன்னிரண்டு அணிகளோடு நடக்க இருக்கிறது. அந்த ஒலிம்பிக்கை நடத்தப்போகும் நகரம் லாஸ் ஏஞ்சல்ஸ். அங்கிருந்து சில மைல் தள்ளி, ரயில் யார்டுகளுக்கும் கிடங்குகளுக்கும் நடுவே, காமர்ஸ் நகராட்சியின் நீச்சல் குளத்துக்கு இப்போது பிரெண்டா வியாவின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.